பவளத்தின் பெயரை விட்டுக்கொடுக்காத எங்கள் அண்ணன்

எங்கள் அண்ணன் அவர்கள் மறைந்து ஓராண்டு நிறைகிற இந்த நாளில், வந்திருக்கும் சொந்தபந்தங்களுக்கும் நண்பர்களுக்கும் உடன்பிறந்த தங்கையாகிய நான் இதை எழுதித் தருகிறேன். நினைவு மலரில் போட நாலு வரி போதும் அத்தை என்றார்கள் அண்ணன் பிள்ளைகள். நாலு வரியில் அடங்குகிற ஆளா அவர்? அதிலும் எழுதுகிறவள் நான். பொறுத்துக்கொள்ளுங்கள்.

அண்ணன் பிறந்தது திருச்சுழிக்குத் தெற்கே ஒரு கரிசல் கிராமம். மழை பெய்தால் கம்பும் கொத்தமல்லியும் விளையும். பெய்யாவிட்டால் கூலி வேலை தேடி ஊர் ஊராக நடக்க வேண்டியதுதான். எங்கள் தகப்பனாருக்கு எங்கள் தாயார் இரண்டாம் தாரம். முறையாகத் தாலி கட்டிய தாரம் அல்ல. இதையெல்லாமா மலரில் எழுதுவது என்று சிலர் முகம் சுளிக்கலாம். ஊருக்கே தெரிந்ததை எழுதினால் என்ன குறைந்துவிடும்? தகப்பனார் எங்களைப் பட்டினி போடவில்லை. ஆனால் ஒரு பத்திரத்திலும் ஒரு கல்யாணப் பத்திரிகையிலும் எங்கள் தாயார் பெயர் ஏறியதில்லை.

தகப்பனாரின் மூத்த தாரமான எங்கள் பெரியம்மாவுக்குப் பிள்ளை இல்லை. அண்ணன் பள்ளிக்கூடம் போகிற வயதில், அவரைப் பெரியம்மா பெற்ற பிள்ளை என்று எழுதிவைத்து, வீட்டோடு அழைத்துக்கொள்வதாகச் சொல்லி அனுப்பினார்கள். காடுகரை எல்லாம் அவருக்கு வந்துவிடும். எங்கள் தாயாரே, "போய்யா, அங்கிட்டுப் போனா நெல்லுச் சோறு திம்ப" என்று கெஞ்சினார்.

"போறேன். போயி அங்க யாரை ஆத்தான்னு கூப்புட? நீயும் வாரியா?" என்று அண்ணன் கேட்டாராம். பேச்சு அத்தோடு நின்றது, நிலமும் போயிற்று.

தகப்பனார் காலமானதும் எங்களைக் கூட்டிக்கொண்டு அண்ணன் அருப்புக்கோட்டைக்கு வந்தார். ஊருக்கு ரயில் வந்த புதிது. ஸ்டேஷனிலிருந்து ஆட்களையும், நெசவாளர் தெருக்களுக்கு நூல் மூட்டைகளையும் ஏற்றிப் போகும் குதிரை வண்டி ஓட்டினார். அப்போதுதான் காரியாபட்டிச் சந்தையில் எலும்பும் தோலுமாக நின்ற ஒரு செவலைப் பெட்டைக் குதிரையை வாங்கி வந்தார். அதன் தாய் எது, தகப்பன் எது என்று விற்றவனுக்கே தெரியாது. "கொடியில காயப்போட்ட சேலை மாதிரி இருக்கு. இதையா வாங்கிட்டு வந்தீக?" என்றார் மதினி. அண்ணன் சிரித்துக்கொண்டே அதற்குப் பவளம் என்று பெயர் வைத்தார்.

அடேயப்பா, அந்தப் பவளம் ஓடின ஓட்டம்! கோயில் கொடைத் திருவிழாக்களில் குதிரை வண்டிப் பந்தயம் வைப்பார்கள். முந்தின நாள் வரை நூல் மூட்டை இழுத்த குதிரை, பாதாம் பருப்பு தின்று வளர்ந்த குதிரைகளையெல்லாம் புழுதியில் விட்டுவிட்டு முன்னால் போகும். அண்ணன் சாட்டை எடுக்க மாட்டார். நாக்கை மடித்து ஒரு சத்தம் கொடுப்பார், அவ்வளவுதான்.

இந்த ஓட்டத்துக்கு ஒரு வாரிசு வேண்டும் என்று அண்ணனுக்கு ஆசை வந்துவிட்டது. காரியாபட்டிப் பக்கம் ஒரு பண்ணைக்காரரிடம் உயர்ந்த சாதிப் பொலிக்குதிரை இருந்தது. அவர் பெயர் இங்கே வேண்டாம், நல்ல மனிதர்தான். அண்ணன் போய்க் கேட்டார்.

"தம்பி, எங் குதிரைக்கு அஞ்சு தலைமுறைக்குப் பேப்பரு இருக்கு. பேப்பரு இல்லாத பெட்டைக்குப் பொறக்குற குட்டி எம்புட்டு ஓடுனாலும் பட்டணத்துப் பந்தயத்துல கால் வைக்க முடியாது. வீணாப் போயிரும்" என்று பண்ணைக்காரர் சொல்லிவிட்டார். அவர் சொன்னது பொய்யில்லை. ஸ்டேஷன் வண்டிக்காரர்களும் அதையேதான் சொன்னார்கள். "ஏலே, ஓட்டம் பவளத்தோட போகட்டும். வம்சம் தெரியாத குதிரை, குட்டி எந்தப் பக்கம் இழுக்கும்னு யாரு கண்டா? சினையாக்கிட்டு வருசம் பூரா வண்டியை நிறுத்திப் போட்டா கஞ்சிக்கு என்ன செய்வ?"

அடுத்த கொடையிலும் பண்ணைக்காரரின் குதிரை பவளத்திடம் தோற்றது. மனிதர் நேரே எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார்.

"யோசிச்சுப் பாத்தேன் தம்பி. சேத்துருவோம். எங்கிட்டப் பேப்பரு உள்ள பெட்டை ஒண்ணு நிக்கிது, சினையே பிடிக்க மாட்டேங்குது. பவளம் போடுற குட்டியை அது போட்டதா எழுதிருவோம். நீயும் குடும்பத்தோட பண்ணைக்கு வந்துரு. லாயத்துக்கு நீதான் பெரிய ஆளு. வீடு, மாசச் சம்பளம், பிள்ளைக படிப்பு எல்லாம் எம் பொறுப்பு."

டவுன் பஸ் வந்து சவாரி படுத்துவிட்டிருந்த நேரம் அது. மதினிக்குத் தலைகால் புரியவில்லை. அண்ணனோ நாலைந்து நாள் இழுத்தடித்தார். மதினி பொறுத்துப் பார்த்துவிட்டு வெடித்தார்.

"குட்டி என்ன பேரையா திங்கப் போகுது? கொள்ளுதான திங்கும்? எழுதுனா எழுதிட்டுப் போகட்டுமே!"

நானும் மதினி கட்சிதான். "மதினி சொல்றது சரிதாண்ணே" என்றேன். எங்கள் தாயார் மட்டும் கொள்ளு புடைத்துக்கொண்டிருந்தார்.

பதில் கேட்டுப் பண்ணைக்காரர் வந்தார். அண்ணன் எழுந்து கும்பிட்டார். "உங்க பெரிய மனசுக்கு ஒரு கும்பிடு. ஆனா வலி எடுத்துப் பெக்கப்போறது இது. வேற ஒருத்தி பேரை எழுதிட்டு இதைத் தள்ளி நிறுத்த எனக்கு மனசு வரலைங்க."

"குதிரைக்கு என்னய்யா தெரியும், யாரு பேரை எழுதுனாகன்னு?"

"குதிரைக்குத் தெரியாதுங்க. எனக்குத் தெரியும்ல."

தாயார் முறத்தை வைத்துவிட்டு எழுந்து உள்ளே போனார். பண்ணைக்காரர் கோபப்படாமல், காப்பி வாங்கிக் குடித்துவிட்டுத்தான் போனார். மதினிக்குத்தான் ஆறவில்லை. அண்ணனுக்குச் சோறு வைக்கும்போது தட்டு மட்டும்தான் பேசியது.

கடைசியில் கூட்டாளி ஒருவரின் சாதாரண வண்டிக் குதிரையோடு பவளத்தைச் சேர்த்தார். வண்டி நின்றுபோன மாதங்களில், அத்தனை திட்டின மதினிதான் நெசவாளர் வீடுகளுக்கு நூல் சுற்றிக் கொடுத்துக் குடும்பத்தை இழுத்தார். பவளம் பெட்டைக் குட்டி போட்டது. சாக்கை எடுத்துக்கொண்டு ஓடி முதலில் அதைத் துடைத்துவிட்டவரும் மதினிதான். அந்தப் பண்ணை வேலைக்குப் போயிருந்தால் எங்கள் பிள்ளைகள் எங்கேயோ இருந்திருப்பார்கள். அண்ணன் செய்தது சரியா என்று இன்றைக்குக் கேட்டாலும் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

வண்டித் தொழில் படுத்த பிறகு தவிட்டுக் கடை வைத்தார். கடைசி இரண்டு வருடம் மூச்சிரைப்பு அவரைப் பாடாய்ப் படுத்தியது. மதுரை ஆஸ்பத்திரியில், நான் கொடுத்த காப்பியை ஒரு வாய் குடித்தார். டம்ளரைக் கழுவிவிட்டுத் திரும்புவதற்குள் போய்விட்டார். எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை.

துக்கம் முடியும்வரை எங்கள் வீட்டில் அடுப்புப் பற்றவைக்க விடாமல் சோறு கொண்டுவந்த எதிர்வீட்டு நெசவாளர் குடும்பத்தாருக்கும், தோள் கொடுத்துத் தூக்கிய வண்டிக்காரர்களுக்கும், கோடித் துணி எடுத்துவந்த பெரியம்மா வழி உறவினர்களுக்கும், தங்கள் தகப்பனார் சார்பில் வந்து நின்ற பண்ணைக்காரரின் மக்களுக்கும் எங்கள் நன்றி.

இன்னும் ஒருவர் பாக்கி. அவர் பெயர்கூட எனக்குத் தெரியாது. பாலவனத்தம் பக்கம் ஒரு கொடையில் மைக் பிடித்தவர். பவளத்தின் குட்டியை அண்ணன் முதன்முதலாகப் பந்தயத்தில் விட்ட நாள் அது. இன்னார் மகன் வண்டி, இன்ன குதிரையின் குட்டி என்று மைக்கில் சொல்வது வழக்கம்.

"யாரு மகன்னு சொல்லட்டும்?" என்று அவர் கேட்டார்.

"சீனியம்மா மகன்னு சொல்லுங்க."

"தகப்பனார் பேரு?"

"இதைச் சொன்னாப் போதும்ணே. குதிரை, பவளத்து மக."

குட்டிக்குப் பவளத்தின் ஓட்டத்தில் கால்வாசிகூட வரவில்லை. எல்லா வண்டியும் வந்துசேர்ந்து வெகுநேரம் கழித்து, வேடிக்கை பார்த்தபடி ஆடி அசைந்து வந்தது. ஜனம் சிரித்தது. மைக் பிடித்தவர் மட்டும் சிரிக்காமல், ஜெயித்த வண்டியைச் சொன்ன அதே குரலில் சொன்னார்: "கடைசியா வந்து சேர்ந்தது சீனியம்மா மகன் வண்டி, பவளத்து மக! கை தட்டுங்கப்பா!"

என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த தாயார் என் கையைப் பிடித்துக்கொண்டார். "ஏத்தா, எம் பேரையா சொன்னாக?"

"ஆமாத்தா. ஒம் பேரைத்தான்."

"இன்னொரு வாட்டி சொல்லச் சொல்லுத்தா."

கூட்டம் கலைந்துகொண்டிருந்தது. நான் கூச்சப்பட்டுக்கொண்டே போய்க் கேட்டேன். எதற்கு என்று அவர் கேட்கவில்லை. அணைத்துவைத்த மைக்கை மறுபடி போட்டு, யாருமில்லாத பந்தய ரோட்டைப் பார்த்து, இன்னொரு தரம் சொன்னார். அவருக்கு எங்கள் குடும்பத்தின் நன்றி.