இந்திப் படத்துக்கு நான் சொன்ன வசனம்

கந்தகக் கப்பல் வந்த வாரங்களில் எங்கள் சட்டையில் ஏறும் நெடி எத்தனை சோப்பு போட்டாலும் போகாது. ஞாயிற்றுக்கிழமை மேட்னிக்குப் போனால், பெஞ்சில் பக்கத்தில் இருப்பவர் மூக்கைப் பிடித்துக்கொண்டு இரண்டு இடம் தள்ளிப் போய்விடுவார். எனக்கும் அந்தோணிக்கும் அது ரொம்ப வசதி. காலை நீட்டிக்கொண்டு இந்திப் படம் பார்ப்போம்...

ஐம்பதுகளின் நடுவில் நடந்தது. இருவருக்கும் ராயபுரம். ஹார்பர் ஷெட்டில் டேலி கிளார்க் வேலை. மூட்டை இறங்க இறங்கக் கோடு போட்டுக்கொண்டே இருக்கவேண்டும்.

முதல் படத்திலேயே அவன் என் காதில் கேட்டான். "காதரு, அந்தப் பொண்ணு இன்னா சொல்லிகினு கீது?"

தெரியாது என்று சொல்லியிருக்க வேண்டும். நான் முஸ்லிம், அதனால் உருது தெரியும், உருது தெரிந்தால் இந்தி புரியும் என்பது அவன் நினைப்பு. எங்கள் வீட்டில் பரம்பரையாகத் தமிழ்தான். அரபி ஓதத் தெரியும், அர்த்தம் தெரியாது. ஆனால் இருபத்திரண்டு வயசு கௌரவம் விடவில்லை.

"எப்ப திரும்பி வருவேன்னு கேக்குது" என்றேன்.

அவ்வளவுதான். மாட்டிக்கொண்டேன்.

கொட்டகை வாசலில் விற்கும் பாட்டுப் புத்தகத்தில் கதைச் சுருக்கம் தமிழில் இருக்கும். முக்கியமான இடம் வந்ததும் 'மீதியை வெள்ளித்திரையில் காண்க' என்று நிறுத்திவிடுவார்கள். அதுவரை படித்துக்கொண்டு, மீதியை நானே அளப்பேன். திங்கட்கிழமை டீக்கடையில் ஷெட்டே கூடி நிற்கும். அழ வைக்கிற ஹீரோ ஒஸ்தியா, சிரிக்க வைக்கிற ஹீரோ ஒஸ்தியா என்று சண்டை. அந்தோணி அழ வைக்கிறவர் கட்சி. "அவன் வசனம் இன்னா வசனம்பா" என்று அவன் எடுத்துவிடுவதெல்லாம் என் சொந்தச் சரக்கு. இந்தி தெரிந்த எவனாவது வந்து நிற்கிறானா என்று நான் சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டே டீ குடிப்பேன்.

அந்தோணியின் அப்பா சூசை நைனா. அதே ஹார்பரில் கிரேன் ஓட்டினார். அத்தை மகளோடு கல்யாணம் பேசி, மாதா கோயிலில் மூன்று ஞாயிறு வாசிக்கும் கல்யாண ஓலையில் இரண்டு வாசித்த பிறகு அந்தோணி வேண்டாம் என்று சொல்லிவிட்டான். கூடப் பிறந்தவளாகத்தான் நினைக்க முடிகிறது என்றான். அன்றைக்கு வீட்டை விட்டு வந்தவன் இரண்டு வருஷமாக என் வீட்டு மாடியறையில் இருந்தான். அப்பாவும் மகனும் தினமும் ஒரே கேட்டில் நுழைவார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கமாட்டார்கள்.

இந்த நிலைமையில் ஒரு படம் வந்தது. சண்டை போட்டு வீட்டை விட்டுப் போன மகன், பல வருஷம் கழித்துத் திரும்பி வருகிறான். கட்டிலில் கிடக்கும் வயசான அப்பா சுவர்ப் பக்கம் திரும்பி ஒரே ஒரு வரி சொல்லிவிட்டுக் கண்ணை மூடிவிடுகிறார். மகன் காலில் விழுந்து அழுகிறான்.

பாட்டுப் புத்தகம் அதற்கு முன்பே நின்றிருந்தது.

"இன்னாபா சொன்னாரு?" அந்தோணியின் குரல் உடைந்திருந்தது.

"தப்பு என் பேர்லதான், நீ வந்ததே போதும்னாரு."

படம் விட்டதும் என்னை வாசலிலேயே விட்டுவிட்டு வேகமாக நடந்துபோனான்.

ராத்திரி நான் தூங்கின பிறகுதான் மாடியறைக்கு வந்திருக்கிறான். மறுநாள் ஷெட்டில் வந்து சொன்னான். "நேத்து அப்டியே வூட்டுக்குப் போனேன். இன்னா பேசறதுன்னு தெரியல. அந்தக் கதையச் சொன்னேன். நைனா கேட்டுகினே இருந்தாரு. அந்தப் படம் இன்னும் ஓடுதான்னு கேட்டாரு. வர ஞாயித்துக்கெழம கூட்டினு போவணுமாம். உன் பக்கத்துல குந்தி வசனம் கேக்கணுமாம்."

அன்று சாயந்திரமே வண்ணாரப்பேட்டைக்கு ஓடினேன். அங்கே எனக்குத் தெரிந்த தையல்காரர் ஒருவர், வீட்டில் உருது பேசுகிறவர், அந்தப் படத்தை இரண்டு தடவை பார்த்திருந்தார். அந்த வரி என்ன என்று கேட்டேன்.

"என் புள்ள அன்னிக்கே செத்துட்டான்னு சொல்றாரு பாய்" என்றார், ஊசியில் நூல் கோத்தபடியே.

அந்த வாரம் எனக்குச் சோறு இறங்கவில்லை. மூட்டைக் கோட்டைத் தப்பும் தவறுமாகப் போட்டு வசவு வாங்கினேன். அந்தோணியிடம் உண்மையைச் சொன்னால் அவன் மறுபடியும் ஒதுங்கிவிடுவான். சொல்லாமல் போய், கொட்டகையில் இந்தி தெரிந்த யாராவது கேட்டுச் சிரித்துவிட்டால் சூசை நைனா இரண்டு பேரையும் ஏமாற்றுக்காரர்கள் என்பார். படத்தைத் தூக்கிவிட மாட்டார்களா என்று தினமும் போஸ்டரைப் போய்ப் பார்த்தேன். தூக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை. எனக்கும் அந்தோணிக்கும் நடுவில் சூசை நைனா. அந்தக் கட்டில் காட்சி வந்தது. கிழவர் சுவர்ப் பக்கம் திரும்பினார்.

சூசை நைனா என் பக்கம் காதைச் சாய்த்தார். எப்படியோ சொல்லிவிட்டேன். "தப்பு என் பேர்லதான், நீ வந்ததே போதும்னு..."

அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்த ஆளு மூஞ்சி அப்டி சொல்லலியேபா" என்றார், எனக்கு மட்டும் கேட்கும்படி.

பிறகு என் தொடையில் தட்டினார்.

"பரவால்ல. நீ சொன்ன மாரியே இருக்கட்டும்."

வெளியே வந்ததும் மகனைப் பார்க்காமலே சொன்னார். "வூட்ல வஞ்சிரம் கீது. வா." நான் தனியாக நடந்து வீடு போனேன். வழியெல்லாம் எனக்கு அழுகை.

பல வருஷம் கழித்து சூசை நைனாவை அடக்கம் செய்த அன்று, கல்லறையில் அந்தோணி அந்த வசனத்தைச் சொல்லித்தான் அழுதான். தன் பிள்ளைகளுக்கும் அதைச் சொல்லித்தான் வளர்த்தான். இப்போது அவனும் இல்லை. நான் அவனிடம் கடைசிவரை உண்மையைச் சொல்லவில்லை.

இப்போதெல்லாம் எந்தப் படம் போட்டாலும் கீழே தமிழில் எழுத்து ஓடுகிறது. பக்கத்தில் சாய்ந்து 'இன்னா சொல்றான்' என்று கேட்க யாரும் இல்லை, பொய் சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை.

நேற்று அந்தோணியின் மகன் மெசேஜ் அனுப்பியிருக்கிறான். "காதர் சித்தப்பா, அப்பா சொல்வாரே, அந்தப் படம் கெடச்சிடுச்சு. சப்டைட்டிலோட. ஞாயித்துக்கிழமை வரேன், சேர்ந்து பாக்கலாம்."

நேற்றிலிருந்து மறுபடியும் சோறு இறங்கவில்லை. அதனால்தான் அவன் கண்ணில் படட்டும் என்று இதை இங்கே எழுதுகிறேன். தம்பி, வருவதற்குள் இதைப் படித்துவிடு... அந்த இடம் வரும்போது எழுத்தைப் பார்க்காமல் என் பக்கம் காதைச் சாய்.