சுண்ணாம்பு அடித்த தொட்டி

எங்கள் தோட்டத்தில் துரைமார் வருவதற்கு முன்னால் சுண்ணாம்பு வரும். பாதையோரக் கல்லுக்குச் சுண்ணாம்பு. பலா மரத்துக்கு இடுப்பளவு சுண்ணாம்பு. கக்கூசின் முன்சுவருக்குச் சுண்ணாம்பு. பின்சுவரை எந்தத் துரையும் எட்டிப் பார்த்ததில்லை, அதனால் அதற்கு இல்லை. நிற்பதெல்லாம் வெள்ளையாகும், நடமாடுவதெல்லாம் ஒதுங்கி நிற்கும். இதைச் சுத்தம் என்றார்கள். இத்தனை வயதுக்குப் பிறகும் அந்தச் சொல்லைக் கேட்டால் என் வாயில் சுண்ணாம்பு கரிக்கிறது.

தெரணியகலைக்கு மேலே ஏறியும் இறங்கியும் கிடக்கும் ரப்பர் தோட்டம் அது. தோட்டங்கள் கம்பெனிகளின் கைக்குப் போன பிறகான தொண்ணூறுகள். நான் பெக்டரியில் சின்னக் கிளாக்கர். மரத்திலிருந்து வந்த பாலில் அசிட் ஊற்றி உறையவைத்து, மெஷினில் அரைத்து, வெள்ளைத் துணிபோல நீளமாக இழுத்துக் காயவைத்து ஏற்றுமதிக்கு அனுப்புவோம். அந்த வெண்மையைப் பார்த்து வெளிநாட்டுக்காரன் மயங்குவானாம். மயங்கட்டும். வெண்மையைக் கழுவிய தண்ணீர் ஓடையில் விழுந்தது. ஓடைக்குக் கீழே எங்கள் வரிசை வீடுகளான லயம் இருந்தது. புளித்த பாலும் அழுகின முட்டையும் ஒரே சட்டியில் கிடந்து சண்டை போடுகிற நாற்றம். மேலேயிருந்து குழாயில் வந்து விழும் பீலித் தண்ணீர் குடிக்கவும் உலைவைக்கவும்தான் காணும். குளிப்புக்கு ஓடையை விட்டால் வேறு கதியில்லை.

அந்த வருடம்தான் எனக்குக் கல்யாணம் நடந்தது. மனைவி தேயிலைத் தோட்டத்துப் பெண். மலையிலிருந்து நேரே விழுகிற தண்ணீரில் வளர்ந்தவள். வந்த வாரமே ஓடையில் தலைமுழுகிவிட்டு ஈரக் கூந்தலை என் மூக்கருகே கொண்டுவந்தாள்.

"மோந்து பாருங்க."

பார்த்தேன்.

"இது பொம்பள தலையா, பால் வாளியா?"

"கொஞ்ச நாளானா பழகிரும்."

"இதப் பழகுறதுக்கா என்னக் கட்டிக்கிட்டு வந்தீங்க? இந்தத் தண்ணி சரியாகலன்னா நான் எங்கம்மா வீட்டுக்குப் போயிருவேன். அப்புறம் நீங்களும் ஒங்க பெக்டரியும் சேந்து குடும்பம் நடத்துங்க."

பஸ் நேரம் சொல்வதைப்போல நிதானமாகச் சொன்னாள். அதுதான் பயமாக இருந்தது.

கம்பெனிக்கு என் குடும்பத்தைப் பற்றிக் கவலை எதற்கு? ரப்பர் வாங்குகிறவர்கள் கழிவுநீரைப் பற்றிக் கேட்கத் தொடங்கியிருந்தார்கள். ஆகவே பெக்டரிக்குப் பின்னால் உயரமான சீமெந்துத் தொட்டி ஒன்று எழும்பியது. அதை இயக்கிக் காட்ட ஒரு என்ஜினியர் மிஸ் வந்தார். கலவானைப் பக்கத்துச் சிங்களப் பெண். எனக்குச் சிங்களம் ஓடும் என்பதால் அவருக்கும் எங்கள் ஆட்களுக்கும் நடுவில் என்னை நிறுத்தினார்கள்.

லொறியில் பீப்பாய்கள் வந்தன. எங்கோ ஒரு பியர் ஆலையின் கழிவுத் தொட்டியிலிருந்து எடுத்த கசடு. துரை கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு தள்ளிப்போனார். மிஸ் முழங்கை வரை கையை விட்டு அள்ளினார். சேறு என்றுதான் நினைத்தோம். விரலிடுக்கில் நீர் வழிந்தபின் உள்ளங்கையில் மிஞ்சியவை மணிகள். கடுகைவிடச் சற்றுப் பெரியவை, கன்னங்கரியவை, வெயில் பட்டதும் மினுங்கியவை. ஒவ்வொரு மணியும் எண்ணமுடியாத நுண்ணுயிர்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு கட்டிய ஓர் ஊர் என்றார். தனித்தனியாக நீந்தினால் தண்ணீர் அடித்துக்கொண்டு போய்விடும். திரண்டு மணியானால் கனம் வரும், அடியில் தங்கும். கழிவுநீர் கீழேயிருந்து மேலேறும்போது அதிலுள்ள அழுக்கைத் தின்று, வாயுவைக் குமிழிகளாக விடும்.

நான் தமிழில் சொன்னேன். நாங்கள் எல்லோரும் மாமா என்று கூப்பிடுகிற ஒருவர், பெக்டரியின் ஆகப்பெரிய சோம்பேறி, மண்வெட்டியில் சாய்ந்தபடியே கேட்டார்:

"அப்ப நம்ம யூனியன் மாதிரின்னு சொல்லுங்க."

"இல்ல மாமா. இது ஒத்துமையா இருக்குமாம்."

"அது சரி, பியர் குடிச்சு வளந்தது நம்ம ரப்பர் தண்ணியக் குடிக்குமா? தொட்டுக்க ஏதாச்சும் வேணுமான்னு மிஸ்கிட்ட கேளுங்க தம்பி."

கேட்டேன். மிஸ் சிரித்துவிட்டு, "ஹரி மல்லி, சரி தம்பி, அதையேதான் நானும் சொல்ல வந்தேன்" என்றார் சிங்களத்தில். பழகும்வரை கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கொடுக்க வேண்டும், அசிட்டின் புளிப்பைத் தணித்துக் கொடுக்க வேண்டும். புது இடத்துக்கு வந்திருக்கிறது. முதல் நாளே எல்லா வேலையையும் தலையில் ஏற்றினால் மணிகள் கலைந்துபோகும். அன்று மாலை இதை வீட்டில் ஒப்பித்தேன். "பூச்சிக்குக் காட்டுற எரக்கத்தப் பாரு" என்று மனைவி சட்டியை நங்கென்று வைத்தாள்.

மாதங்கள் போயின. ஓடை தன் நாற்றத்தை ஒரே நாளில் விடவில்லை. முதலில் முட்டை போனது, பிறகு பால். கடைசியில் கல்லில் பாசி வந்தது. ஒரு பகலில் மனைவி தலைமுழுகிவிட்டு வந்து வாசலில் உட்கார்ந்து கூந்தலை உலர்த்தினாள். என் மூக்கருகே கொண்டுவரவில்லை. அதற்கு அர்த்தம் எனக்குப் புரிந்தது.

பிறகுதான் பெரட்டில், காலையில் வேலை பிரிக்கிற அந்தக் களத்தில், அறிவித்தார்கள்: கொழும்பிலிருந்து பெரியவர்கள் தொட்டியைப் பார்க்க வருகிறார்கள். சுண்ணாம்பு கரைந்தது. பெக்டரிக்குப் பொறுப்பான ஐயா ஏணியில் ஏறித் தொட்டிக்குள் எட்டிப் பார்த்தார். முகம் சுருங்கியது.

"என்னாய்யா இது, உள்ளுக்கு இவ்வளவு அழுக்கு?"

"ஐயா, அந்தக் கறுப்புதாங்க தண்ணியச் சுத்தம் பண்றது."

"சுத்தம் பண்ற சாமான் மொதல்ல சுத்தமா இருக்கணுமில்ல? மிஸ் வந்தா நான் சொல்லிக்கிறேன். நீங்க போய் ஒங்க கணக்கப் பாருங்க."

துரையிடம் ஓடினேன். அவர் ஜீப்பிலிருந்து இறங்காமலே, "ஐயா சொல்றதச் செய்" என்றார். இவர்கள் படித்தவர்கள். ரப்பர் மரத்தின் நோய்க்கெல்லாம் லத்தீன் பெயர் தெரிந்தவர்கள். கண்ணுக்குக் கறுப்பாகத் தெரிந்ததைக் கழுவாமல் விட இவர்களால் ஏலாது. இவர்களுடைய படிப்பு முழுவதும் அந்த ஒரு வாளிச் சுண்ணாம்பில் கரைந்துவிடும்.

அடி வால்வைத் திறந்தார்கள். அத்தனை ஊர்களும் பீப்பாய்களுக்குள் கொட்டின. வெறுந்தொட்டியை பிளீச்சிங் பவுடர் போட்டு உரசி, உள்ளும் புறமும் சுண்ணாம்பு அடித்து, துரையின் பங்களாக் கிணற்றுத் தண்ணீரை நிரப்பினார்கள். பீப்பாய்களைத் தோட்டத்து எல்லையில் ஓடும் வடிகாலான கானுக்குக் கொண்டுபோய்க் கவிழ்க்கும் வேலை மாமாவுக்கு.

பெரியவர்கள் வந்தார்கள். ஓடை நாறக்கூடாது என்பதற்காக அன்று மெஷின்களையே நிறுத்தியிருந்தார்கள். ரிபனை வெட்டினார்கள். கட்லட் தின்றார்கள். அவர்களில் ஆகப்பெரியவர் ஏணியில் ஏறித் தொட்டிக்குள் குனிந்தார். கிணற்றுத் தண்ணீரில் அவர் முகம்தான் தெரிந்தது. மிகவும் திருப்தியாகத் தலையாட்டினார். மிஸ்ஸை யாரும் அழைத்திருக்கவில்லை.

மெஷின்கள் மறுபடி ஓடின. மறுபடி முட்டை, மறுபடி பால். மனைவி துணிகளை பேக்கில் அடுக்கினாள்.

"தொட்டி நல்லா வெள்ளையா இருக்குங்க. அதப் பாத்துக்கிட்டே இருங்க."

பஸ் ஏறிப் போய்விட்டாள். தெரணியகலைச் சந்தியில் கொண்டுபோய் விட்டவனே நான்தான்.

மிஸ் வந்தபோது ஐயா பெருமையோடு முன்னால் நின்றார். "அழுக்கெல்லாம் எடுத்துட்டோம்னு சொல்லுங்க தம்பி." சொன்னேன். மிஸ் மாதிரி எடுக்கும் குழாயைத் திறந்தார். மணி ஒன்றுகூட இல்லாத வெறும் தண்ணீர் வந்தது. குழாயை மூடினார். பிறகு தொட்டியோரத் திட்டில் உட்கார்ந்தார். எழுந்தபோது அவருடைய கறுப்புக் காற்சட்டையின் பின்னால் சுண்ணாம்பு. அதைத் தட்டிவிடக்கூட இல்லை.

"எங்கே கொட்டினீர்கள்?"

எல்லோரும் மாமாவைப் பார்த்தார்கள். "எல்லக் கானுலதாங்க. மழைக்கு எல்லாம் போயிருக்கும்" என்றார் அவர். சொல்லும்போது விறகு அடுக்கும் கொட்டகையான மடுவத்தின் பக்கம் ஒரு தரம் கண் போனது. அன்று வேலை விட்ட பிறகு பீலியடியில் அவரை மறித்தேன்.

"மாமா, அவ போயிட்டா. தண்ணி சரியாகாம வரமாட்டா. உண்மையச் சொல்லுங்க."

மாமா காலால் மண்ணைக் கிண்டினார்.

"ஐயாகிட்ட சொல்லிறாதீங்க தம்பி, அரைப் பேர் போட்டு அரை நாள் சம்பளத்த வெட்டிருவாங்க. அந்தப் பீப்பாவத் தூக்கிக்கிட்டு எல்ல வரைக்கும் எவன் போறது? மடுவத்துக்குப் பின்னால பழைய குழி ஒண்ணு கெடக்குல்ல, அதுல கவுத்துத் தகரத்தப் போட்டு மூடிட்டேன்."

துரையின் படிப்பு கொன்றதை மாமாவின் சோம்பல் காப்பாற்றியிருந்தது. அந்த நிர்வாகத்தைப் பற்றி இதைவிட நான் என்ன எழுத?

மறுநாள் மிஸ் குழிக்குள் கையை விட்டார். மேலே சாம்பல் நிறம். அடியில் மணிகள் கெட்டியாகவே இருந்தன. விரலுக்கிடையில் உருட்டியும் உடையவில்லை. "பசி மட்டும்தான்" என்றார். குழியை மிஸ் தானே கண்டுபிடித்ததாக ஐயாவிடம் மொழிபெயர்த்தேன். நான் செய்ததிலேயே நல்ல மொழிபெயர்ப்பு அது. சுண்ணாம்பைச் சுரண்டிக் கழுவி, மணிகளைத் திரும்ப இறக்கினோம். மறுபடி கொஞ்சம் கொஞ்சமாக.

கல்லில் பாசி திரும்பிய பிறகுதான் மனைவியைக் கூப்பிடப் போனேன். வந்தாள். பேக்கை வீட்டில் வைக்காமல், கையோடு எடுத்துக்கொண்டே ஓடைக்கு இறங்கினாள். ஒரு கை அள்ளி மோந்தாள். இன்னொரு கை. பிறகுதான் பேக்கைக் கரையில் வைத்தாள்.

அடுத்த விஜயத்துக்கும் சுண்ணாம்பு கரைத்தார்கள். ஐயா இரண்டு ஆட்களோடு தொட்டியடிக்கு வந்தபோது தொட்டியே தெரியவில்லை. ஏணியில், குழாய்களில், விளிம்பைச் சுற்றிலும் ஈரப் பாவாடைகள். சிவப்பு, ஊதா, கிழிசல், ஒட்டு. லயத்துப் பெண்கள் அத்தனை பேருடையதும். நடுவில் என் மனைவி இன்னொன்றைப் பிழிந்துகொண்டிருந்தாள்.

"இதெல்லாம் எடுங்கம்மா! பெரியவங்க வர்ற நேரம்!"

"எடுக்கலாங்க ஐயா. காயணுமில்ல."

"எப்ப காயும்?"

அவள் வானத்தைப் பார்த்தாள். எங்கள் பக்கத்து வானம், எந்த நேரமும் ஒழுகுகிற வானம்.

ஐயா ஒரு பாவாடையைத் தொடக் கையை நீட்டி, மடக்கிக்கொண்டார். கூட வந்தவர்கள் வாளியைக் கீழே வைத்துவிட்டு மரங்களைப் பார்த்தார்கள். கீழே வளைவில் ஜீப் தெரிந்தது. துரை தலையை வெளியே நீட்டினார், பார்த்தார், பக்கத்திலிருந்த பெரியவரிடம் கையை வேறு திசையில் காட்டி ஏதோ சொன்னார். ஜீப் பங்களாப் பக்கம் திரும்பியது.

"கட்லட் ஆறிரும்னு போறாங்க" என்றார் மாமா, மண்வெட்டியில் சாய்ந்தபடியே.