நீலப் போத்தலின்ரை மூடி

இண்டைக்குக் காலமை மகளைப் பள்ளிக்கூடம் விடப் போகேக்கை, கார்க் கண்ணாடி முழுக்கப் பனிக்கு ரோட்டிலை போட்ட உப்பும் சேறும். கழுவுவமெண்டு தண்ணி அடிக்கிற சுவிச்சை அமத்தினால் ஒரு சொட்டும் வரேல்லை. உள்ளுக்கை உறைஞ்சுபோச்சு.

முன்னுக்கு ஒண்டும் தெரியேல்லை. ஓரமா நிப்பாட்டி, மகளின்ரை குடிதண்ணியாலை கழுவினன்.

போன கிழமைதான் டூட்டிங்கிலை எங்கடை ஆக்களின்ரை கடையிலை கண்ணாடி கழுவிற தண்ணி நீலப் போத்தலிலை வாங்கி ஊத்தினனான். 'மைனஸ் பத்திலையும் உறையாது' எண்டு எழுதியிருந்தது. முதலே ஆரோ திறந்தது மாதிரி மூடி லேசாத் திறபட்டது. அப்பவே எனக்குச் சந்தேகம்.

நேரை கடைக்குப் போனன்.

"தம்பி, தண்ணி கலந்துதானே விக்கிறியள்?"

"இல்லை அண்ணை. நீங்கள் கலந்தனீங்களோ?"

"ஓம்... அரைவாசிதான். கனநாளைக்கு வரட்டுமெண்டு."

பின்னாலை வரிசையிலை நிண்ட அக்காமார் சிரிச்சினம்.

சரி, கலந்தது நான்தான். எண்டாலும் அந்த மூடி ஏன் அவ்வளவு லேசாத் திறபட்டது? ஆராவது சொல்லுங்கோ பாப்பம்.