நீள்தலை மட்டையும் சாரலும்

"22.4.1979, ஞாயிறு. மேலகரம் மைதானம். காற்று இல்லை. நீள்தலை: முப்பதுக்குப் பத்தொன்பது. வட்டத்தலை: முப்பதுக்குப் பதினொன்று. நீள்தலையே."

என் நாட்குறிப்பில் அந்தப் பக்கத்தில் இவ்வளவுதான் இருக்கிறது. கடைசிச் சொல்லின் கீழ் இரண்டு கோடுகள் இழுத்திருக்கிறேன். அப்போது எனக்கு இருபத்தாறு வயது. தென்காசியில் பத்திரப் பதிவு அலுவலகத்தில் எழுத்தர் வேலை. மாலையில் பூப்பந்து. திறந்த வெளியில், பக்கத்துக்கு ஐந்து பேர் நின்று, மஞ்சள் கம்பளிப் பந்தை வலைக்கு மேலாக அடித்து ஆடுவது.

எங்கள் அணியில் நான் ஆறாவது ஆள். குற்றாலத்தில் சீசன் சமயத்தில் ஒரு போட்டி நடக்கும். 1976, 77, 78 ஆகிய மூன்று வருடமும் அங்கே போனேன். மூன்று வருடமும் ஆடவில்லை. கையெழுத்து நன்றாக இருந்ததால் ஸ்கோர் எழுத உட்கார வைத்தார்கள். அந்தத் தாள்களின் நகல்கள் இன்னும் என்னிடம் இருக்கின்றன. என் பெயர் அவற்றில் அடியில் மட்டும் வரும், எழுதியவன் என்ற இடத்தில்.

1979 தொடக்கத்தில் பின்வரிசையில் ஆடிய ஒருவர் வேலை கிடைத்து மெட்ராஸ் போனார். இடம் எனக்குத்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஜனவரி மாதமே டெலிபோன் எக்ஸ்சேஞ்சுக்கு ஓர் ஆபரேட்டர் மாறுதலாகி வந்தார். சொந்த ஊர் புளியரை. என் வயதுதான். நன்றாக ஆடினார். ஆக, ஓர் இடத்துக்கு இரண்டு பேர்.

எங்கள் கேப்டன் இரும்புக்கடை வைத்திருந்தார். எல்லோருக்கும் அவர் அண்ணாச்சி. என் குறை என்னவென்று அவர் ஒளித்ததில்லை. பின்கோட்டிலிருந்து நான் தூக்கி அடிக்கும் பந்து எதிராளியின் பின்கோடு வரை போகாது.

"ஏலே, ஒம் பந்து பாதி வழியிலேயே உக்காந்துக்கிடுதே. எதிர்ல நிக்கவனுக்கு ஊட்டியா விடுத?"

கையில் பிழை இருக்கலாம் என்று எனக்குத் தோன்றவில்லை. மட்டையில்தான் பிழை என்று முடிவு செய்தேன். அண்ணாச்சிக்குத் தெரிந்த திருநெல்வேலிக் கடைக்காரர் ஒருவர் இரண்டு மட்டைகளைப் பார்வைக்கு அனுப்பி வைத்தார். ஒரு வாரம் வைத்துப் பார்த்து, ஒன்றை எடுத்துக்கொண்டு மற்றதைத் திருப்ப வேண்டும். எடை, பிடி, நரம்பு எல்லாம் ஏறக்குறைய ஒன்று. தலை மட்டும் வேறு. ஒன்று கிட்டத்தட்ட வட்டம். மற்றது முட்டையை நிறுத்தி வைத்ததுபோல் நீளம்.

எங்கள் பக்கத்தில் மட்டை எடுப்பவர்கள் சட்டத்தை விரல் முட்டியால் தட்டிக் காதில் வைத்துக் கேட்பார்கள். இரண்டு முறை வீசிப் பார்ப்பார்கள். முடிந்தது. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. நான் யோசித்தது இது: வட்டத்தலையில் பந்து எங்கே பட்டாலும் ஓரளவு போகும், வலையருகே நின்று தடுப்பவர்களுக்கு அது ஏற்றது. நீள்தலையில் பந்து மேற்பாதியில் சரியாகப் பட்டால், கையிலிருந்து எட்டத்தில் படுவதால், தூரம் கிடைக்கும். தவறிப் பட்டால் மட்டை கையில் திருகும். அப்படியானால் என் பந்து நரம்பில் எங்கே படுகிறது என்பதுதான் கேள்வி. அதைக் கண்டுபிடிக்கப் பந்தின்மேல் சலவை நீலத்தைத் தேய்த்தேன்.

பந்து போட்டுக் கொடுக்க ஒரு ஆள் வேண்டும். எக்ஸ்சேஞ்ச்காரரைத்தான் கேட்டேன். அன்று காலை வேறு யாரும் வரவில்லை.

"என்னவே, வேட்டிக்குப் போடுத நீலத்தப் பந்துக்குப் போடுதீரு?"

"பந்து எங்கன படுதுன்னு பாக்கணும்."

"பாத்துட்டுக் கஞ்சி போட்டு இஸ்திரியும் போடுவீரோ?"

சிரித்தாரே தவிர, அறுபது பந்தும் ஒழுங்காகப் போட்டுக் கொடுத்தார். கோட்டிலிருந்து மூன்றடிக்குள் விழுந்தவற்றை எண்ணிச் சொன்னதும் அவர்தான். நீள்தலையில் நீலப் புள்ளிகள் மேற்பாதியில் நெருக்கமாக இருந்தன. வட்டத்தலையில் சிதறிக் கிடந்தன. கணக்கு மேலே சொன்னது.

"அப்ப வட்டத்தலையைத் திருப்பி அனுப்ப வேண்டாம். நான் எடுத்துக்கிடுதேன்," என்றார். அப்படியே ஆயிற்று.

ஏப்ரலும் மே மாதமும் நன்றாகப் போயின. "இப்பந்தாம்லே பந்து ஊரு போய்ச் சேருது," என்று அண்ணாச்சி ஒருநாள் சொன்னார். அதையும் தேதியோடு குறித்திருக்கிறேன், மே 17.

ஜூன் முதல் வாரம் செங்கோட்டைக் கணவாய் வழியாகக் காற்று இறங்கியது. பின்னாலேயே சாரல். பூப்பந்து ஆடுபவர்கள் சாரலுக்கு ஆட்டத்தை நிறுத்துவதில்லை. நிறுத்தினால் எங்கள் ஊரில் மூன்று மாதம் ஆட முடியாது. ஆனால் கம்பளிப் பந்து ஈரம் குடிக்கும், கனக்கும். எதிர்பார்த்த உயரத்துக்கு வராமல் தாழ்ந்து வரும். அதனால் மட்டையின் மேற்பாதியில் படவேண்டியது கீழ்ப்பாதியில் பட்டது. நரம்பும் ஈரத்தில் தொய்ந்தது. நீள்தலையில் நரம்பு நீளம் அதிகம், தொய்வும் அதிகம். மட்டை கோணாமலிருக்க அதை மரச் சட்டத்தில் முடுக்கி அடுப்புக்கு மேலே தொங்கவிட்டுக் காயவைத்தேன். நரம்பில் தாளிப்பு வாசனை ஏறியதுதான் மிச்சம்.

தென்காசியில் பிறந்து வளர்ந்தவன் நான். ஜூலையில் ஆட வேண்டிய ஆட்டத்துக்கு ஏப்ரலில், அதுவும் காற்றில்லாத நாளாகப் பார்த்து, அளவெடுத்திருக்கிறேன். இதைப் புரிந்துகொள்ள எனக்கு ஜூன் 20 வரை ஆயிற்று. அதற்குள் வேறு மட்டை தேட நாள் இல்லை.

ஜூலை 8, ஞாயிறு மாலை ஆள் தேர்வு. தூறிக்கொண்டிருந்தது. ஆளுக்குப் பத்துப் பந்து, பின்கோட்டுக்கு அடிக்க வேண்டும் என்றார் அண்ணாச்சி. நீள்தலையால் நான் அடித்ததில் மூன்று போய்ச் சேர்ந்தன. வட்டத்தலையால் எக்ஸ்சேஞ்ச்காரர் அடித்ததில் ஏழு. நான் துண்டை எடுத்துத் தலையைத் துவட்டத் தொடங்கினேன். வழக்கமான ஸ்கோர் நோட்டை இந்த வருடம் புதிதாக வாங்க வேண்டும் என்று நினைத்தது ஞாபகம் இருக்கிறது.

"அண்ணாச்சி, ஒரு நிமிசம்," என்றார் எக்ஸ்சேஞ்ச்காரர். "பேட்டு வேற வேறயால்லா இருக்கு. மாத்திக் குடுத்துப் பாப்போம். அவரு பேட்டுல நான், என் பேட்டுல அவரு."

"இது என்னவே, பொண்ணு குடுத்துப் பொண்ணு எடுக்குத மாதிரில்லா இருக்கு," என்றார் அண்ணாச்சி. "சரி, அடிங்க. இருட்டுததுக்குள்ள முடிங்க."

வட்டத்தலை என் கையில் இலகுவாக வந்தது. கனத்த பந்து ஓரத்தில் பட்டாலும் திருகவில்லை. எட்டு போய்ச் சேர்ந்தன. பிறகு அவர் என் நீள்தலையை வாங்கிக்கொண்டார். முதல் ஆறு பந்தும் கோட்டருகே போய் விழுந்தன. நான் பார்த்துக்கொண்டே நின்றேன். அவர் இரண்டு மட்டையிலும் என்னைவிட நன்றாக ஆடுகிறவர் என்பது அந்த ஆறு பந்தில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது என்று நினைத்தேன். ஏழாவது பந்து கோடு வரை போகாமல் நடுவில் விழுந்தது. எட்டாவது, ஒன்பதாவது, பத்தாவது பந்துகளும் நடுவில்தான், கிட்டத்தட்ட ஒரே இடத்தில்.

அண்ணாச்சி விரல் விட்டு எண்ணினார். "வட்டத்தலையில இவன் எட்டு, நீரு ஏழு. நீள்தலையில நீரு ஆறு. அப்ப வட்டத்தலையோட இவனே நிக்கட்டும். பேட்டக் குடுப்பீரா?"

"அவரே வச்சுக்கிடட்டும்," என்றார் எக்ஸ்சேஞ்ச்காரர்.

நான் மறுத்திருக்கலாம். மறுக்கவில்லை. ஜூலை 22 அன்று குற்றாலத்தில் பின்வரிசை இடப்பக்கம் நின்று ஆடினேன். முதல் ஆட்டத்தில் ஜெயித்தோம். இரண்டாவதில் தோற்றுப் போட்டியிலிருந்து வெளியேறினோம். அந்த வருடத்து ஸ்கோர் தாளை எழுதியவர் எக்ஸ்சேஞ்ச்காரர். எண்களைச் சாய்த்து, அவசரமாக எழுதியிருக்கிறார். கூட்டலில் பிழை இல்லை.

பிறகு அவருக்கு வாசுதேவநல்லூருக்கு மாறுதல் வந்தது. 1986 மார்ச்சில் தென்காசி ரயில் நிலையத்தில் தற்செயலாகச் சந்தித்தோம். அவர் குடும்பத்தோடு நின்றிருந்தார். அதற்குள் நான் ஆடுவதை விட்டிருந்தேன். ஏழு வருடமாகக் கேட்க நினைத்ததைக் கேட்டேன்.

"அந்தக் கடைசி நாலு பந்து. தெரிஞ்சுதான் விட்டீரா?"

"எந்த நாலு பந்துவே?"

"ஜூலை எட்டு. சாரல்ல. பேட்ட மாத்தினோம்லா."

"அடப்பாவி, அதையுமா எழுதி வச்சிருக்கீரு?" என்று மனைவியைப் பார்த்துச் சிரித்தார். "இவருகிட்ட வாயத் தொறந்தா தேதியோட பதிஞ்சுருவாரு." அதற்குள் வண்டி வந்துவிட்டது.

இரண்டு பக்கத்துக்கும் சான்று இருக்கிறது. முதல் ஆறு சரியாகப் போயின. தவறவிடுகிறவன் ஒரே இடத்தில் தவறவிடுவதில்லை. எனக்கு அது தெரியும், நான் பல இடங்களில் தவறவிட்டவன். மறுபக்கம், ஆள் தேர்வு நடந்த அன்று இரவு வீட்டில் நீள்தலை மட்டையைத் துடைக்கும்போது நடுவில் ஒரு நரம்பு அறுந்திருந்ததைப் பார்த்தேன். நான் அவரிடம் கொடுத்தபோது அது அறுந்திருக்கவில்லை. ஏழாவது பந்தில் அறுந்திருந்தால் நான்கும் நடுவில் விழுந்ததற்கு அதுவே காரணம். அப்படி இல்லாமல், திரும்பி வரும் வழியில் சைக்கிள் கேரியரில் கட்டும்போது அறுந்திருக்கவும் கூடும். எப்போது அறுந்தது என்பதை என்னால் இதுவரை உறுதி செய்ய முடியவில்லை.