ஓட ஆளில்லாத அணி

ஜெமிமாவிடம் தேவபிரசாதம் முதன்முதலாகப் பேசியது கால்களைப் பற்றி. அவருடைய கால்கள் அல்ல. ஓர் ஆடி மாத மாலையில், மில்லர்புரத்தில் அவள் நடத்தும் பிசியோதெரபி மையத்துக்கு இரண்டு வாலிபர்களைக் கூட்டிக்கொண்டு வந்தார். ஒருவன் நொண்டினான், மற்றவன் ஒற்றைக்காலில் தத்தினான்.

"இது ரெண்டும் நம்ம டீமு பார்வர்டு, டாக்டரம்மா. ஞாயித்துக்கெழம பைனலுக்கு வேணும்" என்றார், மிக்சியைப் பழுதுபார்க்கக் கொடுப்பவரைப் போல.

"நான் டாக்டர் இல்ல அண்ணாச்சி. பிசியோதெரபிஸ்ட்."

"சரி டாக்டரம்மா."

அவள் தத்தி வந்தவனின் கணுக்காலை முதலில் பார்த்தாள். பணியாரம் போல வீங்கியிருந்தது. இவருக்கு ஒரு மாதமாவது ஆகும் என்றாள்.

"அவன விடுங்க. பிரைட்டன் பைக்குல இருந்து விழுந்தவன். மத்தவனப் பாருங்க."

"அண்ணாச்சி, நான் இங்கனதான் இருக்கேன்" என்றான் பிரைட்டன்.

"இருலே. இந்தக் கால வச்சிக்கிட்டு எங்க போவப் போற."

மற்றவன் கிளைட்டன், தேவபிரசாதத்தின் அக்கா விஜிலாவின் மகன். அவனைக் குப்புறப் படுக்கவைத்து முழங்காலை மடக்கச் சொன்னாள். பாதி மடக்கியதும் தலையணையைக் கடித்தான்.

"பின்தொடைத் தசை கொஞ்சம் கிழிஞ்சிருக்கு. இப்ப ஓடுனா முழுசும் கிழிய வாய்ப்பு இருக்கு."

"கிழிஞ்சா?"

"சரியாகுறதுக்கு மாசக்கணக்குல ஆகும். ஆபரேஷன்கூட வரலாம்."

தேவபிரசாதம் விரல்விட்டு நாளை எண்ணினார். "அடுத்த மாசம் இவனுக்குக் கப்பல் மெடிக்கல்" என்றார்.

"ஊசி போட்டுட்டு எறங்குதேன் மாமா. பத்து நிமிசம் போதும்" என்றான் கிளைட்டன்.

"பத்து நிமிசத்துல கப்பலே முங்கிரும்லே. பேசாமக் கெட."

கப்பல் வேலைக்கான படிப்பை முடித்துவிட்டு கிளைட்டன் இரண்டு ஆண்டுகள் அலைந்திருந்தான். இப்போதுதான் ஒரு கம்பெனி கூப்பிட்டிருந்தது. மெடிக்கலில் நொண்டிக்கொண்டு போய் நின்றால் அந்த இடத்துக்கு வரிசையில் அடுத்தவன் போவான். அப்படி அடுத்தவர்களாக நிற்பவர்கள் கீழத்தெருவிலேயே நாலைந்து பேர் இருந்தார்கள்.

தேவபிரசாதம் துறைமுகத்தில் லாஷிங் வேலை பார்ப்பவர். கப்பலில் அடுக்கிய கண்டெய்னர்கள் நடுக்கடலில் ஆடாமல் இருக்க, நீண்ட இரும்புக் கம்பியைத் தலைக்கு மேலே தூக்கி மூலையில் கொக்கிபோட்டு இறுக்குகிற வேலை. அந்தக் கூட்டத்துக்கு அவர் மேஸ்திரி. வேலை முடிந்தால் கீழத்தெரு கால்பந்து அணிக்கு மேனேஜர், கோச், தண்ணீர் கேன் சுமப்பவர். வாலிபத்தில் இடதுபக்க பேக்காக, தடுப்பாட்டக்காரராக ஆடியவர். பந்து அவரைத் தாண்டிப் போகும், ஆள் போகமாட்டான் என்று தெருவில் சொல்வார்கள். அது பாராட்டா என்று அவர் கேட்டுக்கொண்டதில்லை.

அதுவரை அவருடைய தாக்குதல் திட்டம் ஒரே வரியில் இருந்தது: பிரைட்டனுக்குக் குடு, அவன் கிளைட்டனுக்குக் குடுப்பான். இப்போது அந்த வரியில் இருந்த இரண்டு பெயர்களும் ஜெமிமாவின் கட்டிலில் கிடந்தன.

அந்த வாரம் முழுக்க கிளைட்டனைச் சிகிச்சைக்குக் கூட்டிவந்தார். மெஷின் ஓடுகிற நேரத்தில் ஜெமிமாவுக்குத் திட்டத்தை விளக்கினார். சாயர்புரத்தில் கல்லூரி படித்தபோது வராந்தாவில் நடந்துபோகையில் பார்த்த அளவுக்குத்தான் அவளுக்குக் கால்பந்து தெரியும். பேசுகிறவர்களை நிறுத்தச் சொல்லி அவளுக்குப் பழக்கமில்லை. அதனால் எல்லாவற்றையும் கேட்டாள்.

முதல் திட்டம் ரெக்சன். அவரிடம் லாஷிங் வேலை பார்க்கிறவன், ஆள் கதவு மாதிரி இருப்பான். அவனை முன்னால் நிறுத்தி ஒரு பயிற்சி ஆட்டம் ஆடிப் பார்த்தார்கள். பந்து கோல் பக்கம் வந்துசேர்ந்தது, ரெக்சன் பிறகு வந்துசேர்ந்தான். இரண்டாவது திட்டத்தை, சுத்தம் செய்து வைத்திருந்த சாளை மீன்களைச் சமையல் மேடையில் ஆட்டக்காரர்களாக அடுக்கி யோசித்தார். யோசனை முடிவதற்குள் அவர் மனைவி பிளாரன்ஸ் நடுக்களத்தை எடுத்து எண்ணெயில் போட்டுவிட்டாள்.

மூன்றாவது திட்டம் வெள்ளிக்கிழமை வந்தது.

"த்ரோ" என்றார். "ஓட ஆளில்லேன்னா ஓட வேண்டாத எடமாப் பாக்கணும். பந்து வெளிய போனாக் கையால எறிவாம்லா, அதுல ஆப்சைடு கெடயாது. நம்மாளு கீப்பர் மடியிலகூட உக்காந்துக்கிடலாம். ரெக்சன் தலைக்கு மேல கம்பி தூக்குத கையி. கச்சான் காத்து வேற அடிக்கி. மேக்கு லைன்ல இருந்து எறிஞ்சாம்னா பந்து கோலுக்குக் கிட்டப் போயித்தான் விழும்."

"அப்ப பந்து வெளிய போகணுமே" என்றாள் ஜெமிமா. அந்த வாரத்தில் கால்பந்து பற்றி அவள் சொன்ன ஒரே வாக்கியம் அது.

"அதுக்குத்தான் எதிராளுவ காலு இருக்கே. அதுல பட்டு வெளிய போனா த்ரோ நமக்குத்தான்."

ஞாயிற்றுக்கிழமை முதலுதவிப் பையோடு வரச் சொல்லியிருந்தார். போனாள். கோயில் திருவிழாக் கோப்பை என்பதால் பெஞ்சு, மதில், லாரிக் கூரை எல்லாவற்றிலும் ஆள் இருந்தார்கள். எதிரணி வடக்குத்தெரு. மேற்கிலிருந்து கச்சான் மண்ணை வாரிக்கொண்டு அடித்தது. கீழத்தெருக்காரர்கள் கோலை நோக்கி ஆடவே இல்லை. பந்து கிடைத்தால் மேற்குக் கோட்டோரம் ஒரு வடக்குத்தெருக்காரனைத் தேடிப் போய் அவன் காலில் அடித்தார்கள். அவன் விலகினான். இவர்கள் பின்னாலேயே போய் அடித்தார்கள்.

"ஏலே, அவன்ட்ட கடனா வாங்கிருக்கிய?" என்று மதில் மேலிருந்து ஒருவர் கேட்டார்.

"இது புட்பாலா வாலிபாலால?" என்றார் இன்னொருவர்.

ரெக்சனின் முதல் த்ரோ யார்மேலும் படாமல் நேரே கோலுக்குள் போய் விழுந்தது. கீழத்தெரு சரவெடியைக் கொளுத்தியது. கையால் எறிந்தது நேரே உள்ளே போனால் கோல் இல்லை என்று நடுவர் கையசைத்தார். சரவெடியை யாராலும் அணைக்க முடியவில்லை. அது முழுவதும் வெடித்து முடியும்வரை ஆட்டம் நின்றது.

அடுத்த த்ரோவின்போது கீப்பர் பக்கத்தில் நின்ற ஒருவனின் தோளில் பட்டுப் பந்து உள்ளே போனது. தோளால் போட வேண்டும் என்று நினைத்துத்தான் போட்டதாக அவன் இன்றும் சொல்கிறான். எப்படியோ ஒன்று பூஜ்யம். மதில்மேல் இருந்தவர்கள் கேள்வி கேட்பதை நிறுத்தினார்கள்.

இடைவேளைக்குப் பிறகு வடக்குத்தெரு விவரமாகிவிட்டது. எந்தப் பந்தையும் கிழக்குக் கோட்டுப் பக்கமே வெளியே தள்ளியது. காற்றை எதிர்த்து எறிந்த த்ரோக்கள் பாதி வழியில் செத்து விழுந்தன. ரெக்சன் இரண்டு கையையும் தொங்கப்போட்டு நடந்தான். வடக்குத்தெரு ஒரு கோலைத் திருப்பியது. ஆட்டம் முடியப் பத்து நிமிடம் இருந்தபோது, கிளைட்டன் சட்டையைக் கழற்றினான். உள்ளே ஜெர்சி. காலில் பூட்ஸும் இருந்தது.

"கிளைட்டன எறக்கு" என்று ஒரு மூலையில் தொடங்கியது. கொஞ்ச நேரத்தில் லாரிக் கூரையும் சொன்னது.

திருவிழாக் கமிட்டிக்காரர் ஒருவர் வந்தார். "அண்ணாச்சி, பய ரெடியா நிக்கான். பெறவு என்ன?"

"காலு சரியில்ல."

"நிக்கானே."

"நிக்கது வேற, ஓடுதது வேற."

கிளைட்டன் கிட்டே வந்தான். "மாமா, என் காலு எனக்குத் தெரியும். வலி இல்ல. நீங்க எறக்கலேன்னா நானே போயி ரெப்ரிக்கிட்டச் சொல்லுதேன். ஊரே என் பக்கந்தான் பேசும்."

அது உண்மைதான். மூன்று பேரை மாற்றலாம் என்பது விதி. இரண்டு பேரை மாற்றியாகிவிட்டது. தேவபிரசாதம் ஜெமிமாவைத் திரும்பிப் பார்க்கவில்லை. அவள் பையின் பிடியைக் கை மாற்றிப் பிடித்துக்கொண்டாள்.

"பூட்ஸக் களட்டு" என்றார் கிளைட்டனிடம்.

"எதுக்கு?"

"களட்டுலே."

தாய்மாமன் சொன்னால் முதலில் செய்துவிட்டுப் பிறகு கேட்பது அந்த வீட்டுப் பழக்கம். கழற்றினான். தேவபிரசாதம் உட்கார்ந்து அந்த பூட்ஸைத் தன் காலில் மாட்டினார். கோட்டோரம் உட்கார்ந்திருந்த பிரைட்டனின் ஜெர்சியை உரித்து வாங்கி வயிற்றுக்கு மேல் இழுத்துவிட்டார். ஆள் குறைவாகத் தெரியக்கூடாது என்று ஆண்டுதோறும் ஆட்டக்காரர் பட்டியலின் கடைசியில் அவர் பெயரையும் எழுதிக் கொடுப்பார்கள். நடுவர் பட்டியலைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், மறுபடி பட்டியலைப் பார்த்தார். பிறகு உள்ளே விட்டார். மூன்று மாற்றும் முடிந்தது. இனி யார் கேட்டாலும் கிளைட்டன் இறங்க முடியாது.

தேவபிரசாதம் இடதுபக்க பேக்காகப் போய் நின்றார். ஆட்டம் முடியும் தறுவாயில் வடக்குத்தெருப் பையன் ஒருவன் அந்தப் பக்கமாகவே வந்தான். பந்து அவரைத் தாண்டிப் போனது. அன்று ஆளும் போனான். இரண்டு ஒன்று.

மனுசன் ஆசையில் இறங்கிக் கெடுத்துவிட்டார் என்று தெரு முடிவு செய்தது. அவர் மறுக்கவில்லை. அடுத்த வாரமே வேறொருவர் மேனேஜர் ஆனார். கடையில் டீ கொடுக்கும்போது சிலர் அவரை "வாங்க பார்வர்டு" என்றார்கள். கிளைட்டன் மெடிக்கலில் தேறினான், கப்பலேறினான். வாரம் ஒருமுறை அம்மாவுக்கு போன் செய்தான். மாமாவுக்குச் செய்யவில்லை. என்னை ஊர் முன்னால் நொண்டியாக்கி உட்காரவைத்துவிட்டார், நான் இறங்கியிருந்தால் ஜெயித்திருப்போம் என்று விஜிலாவிடம் சொன்னானாம். விஜிலா அதைத் தம்பியிடம் அப்படியே ஒப்பித்தாள். தனக்கு எதுவும் மறைக்கத் தெரியாது என்பதில் அவளுக்குப் பெருமை.

அடுத்த திருவிழாவுக்குச் சில வாரங்கள் முன்னால் தேவபிரசாதம் தோள்வலி என்று ஜெமிமாவிடம் வந்தார். குப்புறப் படுத்திருந்தார். அவள் மெஷினை வைத்தாள். திட்டம் எதுவும் இல்லாத தேவபிரசாதத்தை அவள் அன்றுதான் பார்த்தாள்.

"கிளைட்டன் லீவுல வாரான்" என்றார் தலையணைக்குள்ளிருந்து. "ஒங்ககிட்ட வருவான். அன்னைக்கு எறங்கியிருந்தா காலு கிழிஞ்சிருக்குமான்னு கேப்பான்."

"கேக்கட்டும்."

"என்ன சொல்லுவிய?"

தெரியாததைத் தெரிந்ததுபோலச் சொல்ல அவளுக்கு வராது. "கிழிஞ்சிருக்கலாம். கிழியாமலும் இருந்திருக்கலாம். அது யாருக்கும் தெரியாது அண்ணாச்சி."

"தெரியாதுன்னு எனக்கும் தெரியும் டாக்டரம்மா" என்றார். "அவன் கேட்டா மட்டும், கண்டிப்பாக் கிழிஞ்சிருக்கும்னு சொல்லிருங்க."