வேலிக் கடிதத்தில் பத்தொன்பது பிழைகள்

எங்கள் ஒழுங்கைத் தெருவில் ஆங்கிலம் எழுதுகிறவர்கள் எல்லோரும் அதைக் கடைசியில் என்னிடம்தான் கொண்டு வருகிறார்கள். முப்பத்தாறு வருடம் அரசாங்கக் கச்சேரியில் எழுதுவினைஞனாக இருந்ததற்கு மிஞ்சிய பலன் இது. இந்த வருடத்தில் மட்டும் விசா விண்ணப்பம் ஒன்பது, வங்கிக் கடிதம் நாலு, மரண அறிவித்தல் இரண்டு. கண் வலிக்கிறது. ஆனாலும் முடியாது என்று சொல்ல எனக்குத் தெரியவில்லை.

ஆவணியில் பக்கத்து வீட்டு வளவுக்காரர் வந்தார். அறுபத்திரண்டு வயது. கையில் கொப்பித் தாள் இரண்டு.

“அண்ணை, இங்கிலீசுப் பிழையை மட்டும் பாருங்கோ. விஷயத்தைப் பாக்காதேங்கோ.”

“இப்ப போனிலையே திருத்தலாமாமே.”

“போட்டுப் பாத்தன். அது என்ரை பேரையும் திருத்திப்போட்டுது.”

கடிதம் லண்டனில் இருக்கும் அவருடைய தமையனின் மகனுக்கு. இவர் குடியிருக்கும் காணி அவன் பெயரில்தான் இருக்கிறது. அவனுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது.

சிவப்புப் பேனையை எடுத்தேன். முதல் தாளில் வழக்கமான பிழைகள். ‘ஹேவ்’ வர வேண்டிய இடத்தில் ‘ஹேஸ்’. ‘டிஸ்கஸ்’ என்ற சொல்லுக்குப் பின்னால் தேவையில்லாத ஒரு ‘எபௌட்’. ‘ரிட்டேர்ன்’ என்றாலே திரும்புவதுதான், அதற்குப் பிறகும் ஒரு ‘பேக்’. ‘த’ என்ற சிறுசொல் ஏழு இடத்தில் இல்லை, மூன்று இடத்தில் வேண்டாமல் நின்றது. ஆகப் பதின்மூன்று.

இரண்டாம் தாளில் பதினாறாவது பிழையைச் சுழித்தபோதுதான் வசனத்தின் பொருள் மண்டையில் ஏறியது. பக்கத்து வளவுக் கிழவன் வேலியை இந்தப் பக்கம் அரக்கி உன் காணியில் நாலு அடி பிடித்துவிட்டான், உனக்காக நான் வழக்குப் போட அற்றோணித் தத்துவம், அதாவது அதிகாரப் பத்திரம், எழுதி அனுப்பு.

அவருடைய வளவுக்கு ஒரு பக்கம் ஒழுங்கை, ஒரு பக்கம் கோயில் காணி, பின்னால் தோட்டம். கிழவன் என்றால் நான்தான்.

“தம்பி, இது என்னைப் பற்றியெல்லோ?”

“ஓம் அண்ணை.” முகத்தில் ஒரு கூச்சமும் இல்லை. “இங்கை இங்கிலீசு தெரிஞ்ச ஆள் நீங்கள் ஒராள்தான். நான் வேறை ஆரிட்டைப் போறது?”

உள்ளேயிருந்து மனைவி கேட்டாள்: “இஞ்சாருங்கோ, அவருக்குத் தேத்தண்ணி போடவோ, வேண்டாமோ?”

போடச் சொன்னேன். எனக்கு எழுபத்தெட்டு வயது. ஒரு காணி வழக்கு எத்தனை வருடம் இழுபடும் என்று கச்சேரியில் இருந்தவனுக்குத் தெரியும். என் கணக்கில் அவ்வளவு மிச்சமில்லை.

அதோடு, அவர் எழுதியது முழுப் பொய்யும் இல்லை. இரண்டு மாரிக்கு முன் வேலி புதுப்பித்தபோது கூலியாட்களோடு நின்று, வேர்விட்டுத் தழைக்கும் கதியால் தடிகள் நாற்பத்தேழையும் எண்ணி நடுவித்தேன். ஒழுங்கைப் பக்கத்தில் கயிறு கொஞ்சம் அவருடைய பக்கம் சாய்ந்து கிடந்தது. கண்டேன். எதையும் எண்ணுகிற நான் அதை மட்டும் அளக்கவில்லை.

மிச்சம் மூன்று பிழையையும் திருத்தினேன். மொத்தம் பத்தொன்பது. பிறகு ‘நாலு அடி’ என்ற இடத்தில் பேனையை வைத்தேன்.

“இதுவும் பிழை.”

“அது விஷயம், அண்ணை. விஷயத்தைப் பாக்க வேண்டாம் எண்டெல்லோ சொன்னனான்.”

“வாரும், அளப்பம்.”

அளவு நாடாவின் ஒரு நுனி அவர் கையில், மறுநுனி என் கையில். கிணற்றடி எல்லைக்கல்லில் வேலி சரியாக நின்றது. ஒழுங்கையை நோக்கிப் போகப் போக விலகி, மூலைக் கல்லில் ஒரு அடி ஐந்து அங்குலம். இரண்டு தரம் அளந்தோம். திரும்பி வந்து நாலு அடியை வெட்டிவிட்டுச் சரியான அளவை என் கையாலேயே எழுதினேன்.

அவர் வாசித்துப் பார்த்தார். “நீங்களே ஒப்புக்கொண்ட மாதிரியெல்லோ இருக்கு.”

“அளவு உதுதான்.”

“அப்ப எப்ப பிடுங்கி நடுவியள்?”

“இந்த வெய்யிலிலை நட்டால் பட்டுப்போம். மழை விழட்டும்.”

“மழை விழுமட்டும் இது என்னட்டை இருக்கட்டும்.” கடிதத்தை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். “மறந்திடாதேங்கோ அண்ணை. இப்ப இதிலை ஒரு பிழையும் இல்லை.”

அவர் போன பிறகு மனைவி வந்து நின்றாள். “உங்களிலை போடுற வழக்குக்கு நீங்களே எழுதிக் குடுத்திருக்கிறியள். உங்களுக்கென்ன விசரே?”

நான் நாடாவைச் சுருட்டி வைத்தேன். களைப்பாக இருந்தது.

ஐப்பசி பிறந்து ஒன்பது நாள். மருதனார்மடத்தில் இரண்டு கூலியாட்களுக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். பிடுங்க வேண்டியது இருபத்தாறு கதியால். நேற்றுப் பின்னேரம் நாலு துளி விழுந்தது. அவர் தன் வாசல் படலைக்கு வந்து, கையை நீட்டிப் பார்த்துவிட்டு, என்னையும் ஒருதரம் பார்த்துவிட்டு உள்ளே போனார்.