இரண்டு மணிக்கொரு கையெழுத்து

திருப்பூருக்கு வந்து பத்தொன்பது வருஷமாகிறது. இந்த ஊர்க்காரர்களின் மரியாதை எனக்கு இன்னும் பழகவில்லை. காலையில், நான் பார்த்துக்கொள்ளும் பொன்னுசாமி ஐயாவுக்கு டயப்பர் மாற்றும்போது அவர் வலியில் பல்லைக் கடிப்பது தெரியும். வாயைத் திறந்தாலோ, "உங்களுக்குத்தானுங்க சிரமம், கோவிச்சுக்காதீங்க தம்பி" என்பார். எங்கள் விளாத்திகுளம் பக்கமாக இருந்தால் அந்த வலிக்கு என் வம்சத்தையே இழுத்திருப்பார்கள். திட்டு வாங்கினால் எங்கே வலிக்கிறது என்றாவது தெரிந்துவிடும். இங்கே முகத்தைப் பார்த்து நாமேதான் கண்டுபிடித்துக்கொள்ள வேண்டும்.

ஊரில் இருக்கிறவர்களுக்கும், என்னைப்போல் பஸ் ஏறி வந்து பனியன் கம்பெனிகளில் கிடக்கிறவர்களுக்கும் இதை எழுதுகிறேன். நான் பதினாறு வருஷம் அயர்ன் மாஸ்டர். நின்றபடியே டீசர்ட் தேய்த்துத் தேய்த்து இடுப்பு போனது. உட்கார்ந்தால் எழ முடியாது, எழுந்தால் உட்கார முடியாது. தெரிந்தவர் ஒருவர் நல்லூரில் ஒரு முதியோர் இல்லத்தில் சேர்த்துவிட்டார். இடுப்பு போனவனுக்கு ஆளைத் தூக்கிப் புரட்டுகிற வேலை. என் ஜாதகம் அப்படி. ஒரு பக்கம் நிட்டிங் மெஷின் ஓடும் சத்தம், இன்னொரு பக்கம் தையல் யூனிட், நடுவில் ஒரு மாடி வீடு. அதில் பதினெட்டுப் பெரியவர்கள். பகலில் நாங்கள் நான்கு பேர் இருக்க வேண்டும். இருந்தது இரண்டு பேர்.

பொன்னுசாமி ஐயாவுக்குப் பக்கவாதம் வந்து இடது கையும் காலும் விழுந்துவிட்டன. சர்க்கரையும் உண்டு. மனைவி இல்லை. மகன் சென்னையில் வேலை, மாதம் ஒருமுறை வந்து பார்த்துவிட்டுப் போவார். ஐயாவால் தானாகப் புரள முடியாது. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை யாராவது திருப்பிப் படுக்க வைக்க வேண்டும், இல்லையென்றால் முதுகுக்குக் கீழே புண் வந்துவிடும். அதற்காகக் கட்டிலில் ஒரு சார்ட் தொங்கும். திருப்பியவர் நேரம் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். நான் என்ன செய்தேன் தெரியுமா? கம்பெனியில் புரொடக்‌ஷன் சார்ட் எழுதிய பழக்கம். தினமும் சாயங்காலம் உட்கார்ந்து, ஒரே பேனாவில், திருப்பாத நேரத்துக்கும் சேர்த்து, காலை ஆறு மணியிலிருந்து எல்லாக் கட்டத்திலும் வரிசையாகக் கையெழுத்துப் போட்டேன். ஆள் இல்லை, நேரம் இல்லை, என் இடுப்பு என்று எத்தனை காரணம் சொன்னாலும் எல்லாம் உண்மைதான். ஆனால் கையெழுத்து என்னுடையது. வாலெலும்புக்கு மேலே தோல் சிவந்தது, கறுத்தது, பிறகு எலுமிச்சம்பழம் வைக்கிற அளவுக்குக் குழிந்தது. மேனேஜரிடம் சொன்னேன். "ஆயின்மென்ட் போடுங்க, பாத்துக்கலாம். பையன்கிட்ட இப்பச் சொல்ல வேண்டாங்க" என்றார். நானும் சொல்லவில்லை.

அந்த வாரம்தான் ஆய்வுக்கு வருகிறார்கள் என்று தகவல் வந்தது. சமூக நலத்துறையிலிருந்து ஓர் அதிகாரியம்மா, மாநகராட்சிச் சுகாதார ஆய்வாளர், கூட வார்டு கவுன்சிலர். திருப்பூரில் வேலை பார்த்தவனுக்கு இதில் புதுசாக என்ன இருக்கிறது? சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையர் ஆடிட்டுக்கு ஆள் அனுப்புகிறார் என்றால், நான் இருந்த கம்பெனியில் இரண்டு நாள் திருவிழா. பூட்டிக் கிடந்த எமர்ஜென்சி கதவு திறக்கும். முதலுதவிப் பெட்டிக்குள் மருந்து முளைக்கும். எங்களை வரிசையாக உட்கார வைத்துப் பாடம் நடத்துவார்கள். எத்தனை மணி நேரம் வேலை? எட்டு. யாராவது திட்டுகிறார்களா? இல்லை. ஒரு தடவை ஆடிட்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, உங்களுக்கு ஏதாவது சொல்ல வேண்டுமா என்று சிரித்தபடி கேட்டார். சொல்ல நிறைய இருந்தது. எட்டு மணி நேரம் என்றேன். அந்தக் கேள்வியை அவர் கேட்கவே இல்லை.

இந்த அனுபவம் இருப்பதால், பெரியவர்களுக்குப் பாடம் நடத்தும் வேலையை மேனேஜர் என் தலையிலேயே கட்டினார். கட்டில் கட்டிலாக உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தேன். பொன்னுசாமி ஐயாவிடம் வந்ததும் அவர் சிரித்துவிட்டார்.

"எனக்கா தம்பி சொல்லிக் குடுக்கறீங்க? நான் பனியன் கம்பெனில சூப்பர்வைசரா இருந்தவனுங்க. ஆடிட்னா முந்நூறு பேத்துக்கு நாந்தானுங்க பாடம் எடுப்பேன்."

"புண்ணப் பத்திக் கேட்டா என்ன சொல்வீங்க ஐயா?"

"எந்தப் புண்ணுங்க?" என்றார், முகம் மாறாமல்.

எனக்கு நிம்மதியாகவும் இருந்தது, கேவலமாகவும் இருந்தது.

ஆய்வு நாளில் இல்லமே டெட்டால் வாசம். எல்லாக் கட்டிலிலும் புது பெட்ஷீட். அதிகாரியம்மா ஒப்புக்கு வந்தவர் இல்லை. கழிப்பறைக் கைப்பிடி ஆடுகிறதா என்று தானே பிடித்து இழுத்துப் பார்த்தார். சமையலறையில் குழம்பை ஊற்றச் சொல்லி ருசி பார்த்தார். பிறகு எங்களை எல்லாம் வெளியே இருக்கச் சொல்லிவிட்டு ஒவ்வொருவரிடமும் தனியாகப் பேசினார். நான் பொன்னுசாமி ஐயாவின் அறைக் கதவோரமாக நின்றேன்.

"ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா திருப்பிப் படுக்க வைக்கறாங்களா ஐயா?"

"அதெல்லாம் கரெக்டுங்க. தெக்கத்தித் தம்பி ஒருத்தர் இருக்கறாருங்க. பெத்த பையங்கூட அப்பிடிப் பாக்க மாட்டானுங்க."

பாடத்தில் அது இல்லை. "நல்லாப் பாத்துக்கறாங்க" என்பது வரைதான் நான் சொல்லிக் கொடுத்தது. மிச்சத்தை என்னைக் காப்பாற்ற அவராகச் சேர்த்தார். மூன்று மாதமாக என் அப்பாவும் ஊரில் படுத்த படுக்கைதான். வழுக்கி விழுந்து வலது பக்க இடுப்பெலும்பு முறிந்துவிட்டது, அக்கா ஒற்றை ஆளாகப் பார்க்கிறாள். லீவு இல்லை, லீவு இல்லை என்று நான் ஒரு நாள்கூடப் போய் இருக்கவில்லை. பெத்த மகன் பார்க்கிற லட்சணம் அது.

அதிகாரியம்மா திருப்தியாக எழுதிக்கொண்டு படியிறங்கினார். அவருக்குப் பின்னால் போன மேனேஜர் என்னைத் திரும்பிப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். நான் வீரன் ஒன்றும் இல்லை. அந்தச் சிமிட்டலைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. "மேடம், அவரத் திருப்பிப் பாத்திட்டுப் போங்க" என்றேன். கவுன்சிலர் திடுக்கிட்டு, "ஏனுங்க, எதுக்குங்க இப்பச் சண்டைக்கு வர்றீங்க?" என்றார். நான் சாதாரணமாகத்தான் பேசினேன். எங்கள் பேச்சு இந்த ஊர்க் காதுக்கு எப்போதுமே அப்படித்தான் விழும்.

அதிகாரியம்மா திரும்ப மேலே வந்தார். நானே ஐயாவைப் புரட்டி, புண்ணுக்குப் போட்டிருந்த கட்டைப் பிரித்துக் காட்டினேன். அவர் குனிந்து பார்த்தார். பிறகு சார்ட்டைக் கையில் எடுத்தார்.

"இது யாரு கையெழுத்து?"

"என்னுதுதான் மேடம். எல்லாமே என்னுதுதான்."

பொன்னுசாமி ஐயா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். "உங்க வேலை போயிருமேன்னுதானுங்க தம்பி நான் அப்பிடிச் சொன்னேன்" என்றார். நான் அத்தனை பேர் முன்னாலும் அழுதேன். வெட்கமாகக்கூட இல்லை.

அன்று மதியமே ஆம்புலன்ஸ் வந்து அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது. இன்னும் ஒரு வாரம் விட்டிருந்தால் எலும்புக்குப் போயிருக்கும் என்றார் டாக்டர். இல்லத்துக்கு நோட்டீஸ் கொடுத்தார்கள். நான் வாக்குமூலம் எழுதிக் கொடுத்தேன். மேனேஜர் என்னை நாளையிலிருந்து வர வேண்டாம் என்றார். சென்னையிலிருந்து ஓடிவந்த மகனுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. அவர் என்னை ஓங்கி அறைந்திருந்தாலும் நியாயம்தான். இரண்டாம் நாள் அவரே என் வீடு தேடி வந்து வாசலில் நின்றார். "அப்பா உங்களத்தானுங்க கேக்கறாரு. வேற யாரு தொட்டாலும் வேண்டாங்கறாரு. எனக்குப் புடிக்கலீங்க. ஆனாலும் வாங்க" என்றார். கோபத்திலும் அந்த 'ங்க' போகவில்லை. அன்றிலிருந்து ஆஸ்பத்திரியில் ஐயாவுடன் இருக்கிறேன். வேலைதான் போய்விட்டதே, இப்போதாவது ஊருக்குப் போய் மாமாவைப் பாருங்கள் என்றாள் என் மனைவி. அவள் சொல்வது சரிதான். நாளைக்குப் போகிறேன் என்று தினமும் சொல்கிறேன். போனால் இங்கே இவரை யார் திருப்புவது? போகாவிட்டால் அங்கே?

நேற்று மதியம் இரண்டு மணி. ஐயாவை இடது பக்கம் மாற்ற வேண்டிய நேரம். கையுறை மாட்டும்போது அக்காவின் போன். அழுகிறாள்.

"அப்பாவுக்கு முதுகுல தோலு உரிஞ்சு கெடக்குடா. எப்படிப் பொரட்டணும்னு தெரியல. தொட்டாலே கத்துதாரு."

ஸ்பீக்கரைப் போட்டு போனைக் கட்டிலில் வைத்தேன். "முதல்ல அழாத. அவருக்கு இடது பக்கமா வந்து நில்லு. ரெண்டு காலுக்கும் நடுவுல ஒரு தலகாணி வையி. ஒரு கை வலது தோள்ல, ஒரு கை தொடையில. மூணு எண்ணுறேன். மெதுவா உன் பக்கமா இழு." பேச்சு அக்காவுக்கு, கை இரண்டும் பொன்னுசாமி ஐயா மேல். நான் எண்ணினேன். ஐயா தன் நல்ல கையால் கட்டில் கம்பியை எட்டிப் பிடித்து, என் எண்ணிக்கைக்குத் தானும் சேர்ந்து சாய்ந்தார். போனில் கட்டில் கிரீச்சிடுவது மட்டும் கேட்டது. இந்தத் தடவை அப்பா கத்தவில்லை.

ஐயா கம்பியை விடாமல் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"அங்க உங்கப்பாவும் சாஞ்சு படுத்துட்டாருங்களா தம்பி?" என்று கேட்டார்.